பிறையில் இரண்டு மில்லிமீட்டர்

பலகை ஆறடி நீளம், ஓரடி அகலம்.
அதை விரிக்க வேண்டுமானால்
தையல் மிஷின் வாசலுக்குப் போக வேண்டும்,
வாசலில் நிற்கும் சைக்கிள் அடுக்களைக்கு,
அடுக்களையின் அரிசி மூட்டை
அமலதாஸ் படுத்திருக்கும் அறைக்கு.
கண்ணைத் திறக்காமலே கேட்கிறார்:
'இன்றைக்கு எத்தனை பெட்டி?'

ஐந்து பெட்டி, ஓர் எஞ்சின், மூன்று கிளைத்தடம்.
எந்த ஊருக்கும் போகாத ரயில்.
கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால்.
உள்ளே போக வேண்டிய பெட்டிக்கு இடம்விட
உள்ளே இருக்கும் பெட்டியை வெளியே இழுக்கும்,
வெளியே வைக்க இடமில்லாமல் விழிக்கும்.
வார்டில் பகலெல்லாம் நான் செய்வதும் இதுதான்.
பதினோராம் கட்டிலை ஸ்கேனுக்கு அனுப்பினால்
வராந்தாவில் காத்திருப்பவரை உள்ளே தள்ளலாம்.
இங்கே பெட்டிகள் முனகுவதில்லை.

ஊரை நானேதான் செய்தேன்.
காலி மைலோ டின் இரண்டு, சாம்பல் பூசினால் சிமெண்டு உருளைகள்.
சாக்லெட் தாளைச் சீப்பின்மேல் விரித்து
நகத்தால் நீவ நீவத் தகரக் கூரை.
கோப்பித்தூளை மூன்று நாள் வெயிலில் காயவைத்தால் மண்.
சரியாகக் காயாவிட்டால் எறும்பு.
ஒரு வாரம் பிறைத் துறைமுகத் தடங்களில்
நாய் அளவு எறும்புகள் திரிந்தன,
ஒன்றுகூட ரயிலுக்கு ஒதுங்கவில்லை.

மாவு மில்லுக்கு முன்சுவர் மட்டும்.
ஒரு விரல் தடிமன், முப்பத்திரண்டு ஜன்னல்,
அதன் பின்னால் உடனே எங்கள் வீட்டுச் சுவர்.
ஒரு ஜன்னலுக்கு மட்டும் மஞ்சள் பூசினேன்.
இரவு ஷிப்டில் யாரோ இருக்கட்டுமே.

கிடங்குக்கு மூன்று வாரம் ஆனது.
பசை காய்ந்த இரவில்
நான்காம் பெட்டியை மெல்லத் தள்ளினேன்.
டேங்கர். அதன் ஏணி
சாய்ப்பின் மூலையில் டக்கென்று தட்டி நின்றது.
இரண்டு மில்லிமீட்டர்.
நிஜத்தில் ஏழங்குலம் கூட இல்லை.
கணக்கை மூன்று முறை போட்டேன்,
மூன்று முறையும் நான் சரி, டேங்கர் தவறு.

ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து பஸ் ஏறி
அளவு டேப்புடன் பிறைக்குப் போனேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் காவலர்,
சட்டையில் ரோஸ்லான் என்று பெயர்.
'காக், எதை அளக்கணும்?'
'அந்தச் சாய்ப்பை.'
'இடிக்கப் போகிறார்களா?'
'இல்லை. நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.'
போனில் படத்தைக் காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
பிறகு கேட்டைத் திறந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

மூலை அங்கேயும் மடங்கித்தான் இருந்தது,
வாசித்த பக்கத்துக்கு அடையாளம் வைத்ததுபோல.
மடிப்பில் பச்சைப் பெயிண்ட் ஒரு கீற்று.
'நான் வேலைக்கு வருமுன்பே இப்படித்தான்,' என்றார்.
டேப்பை மறந்து நின்றேன்.
எந்தக் காலத்திலோ ஒரு பெட்டி
என்னைப் போலவே அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கிடங்கைப் பெயர்க்கவில்லை, வெட்டவும் இல்லை.
இடுக்கியால் மூலையை மேலே மடித்தேன்.
மடிப்பில் பச்சையை ஈர்க்குச்சி நுனியால் ஒரு தொடுதொட்டேன்.
டேங்கர் போனது.
'உடைத்துவிட்டாயா?' என்றார் அமலதாஸ், தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர்.
'அங்கேயும் உடைந்திருக்கிறது.'
குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல்
ஐந்தாம் பெட்டியை விரலால் ஒரு அங்குலம் தள்ளிவிட்டுப் போனார்,
நான் வேண்டுமென்றே நிறுத்தியிருந்த இடத்திலிருந்து.

இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று.
கேட்டைப் பூட்டும்போது ரோஸ்லான் கேட்டார்:
'அதில் என் காவல் கூண்டு இருக்கிறதா?'
யோசிக்காமல் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

கூண்டு வைக்க மைலோ டின் ஒன்று நகர வேண்டும்.
டின் நகர மாவு மில் ஒரு விரல் தள்ள வேண்டும்.
மில் தள்ளினால்
அந்த மஞ்சள் ஜன்னல்
மின்கம்பத்துக்குப் பின்னால் போய்விடும்.