இணைக் கடன்தாரர்

ஆடி பிறந்து பத்து நாளாகிறது.
பணகுடியில் காற்று ராத்திரியும் உறங்கவில்லை.
எண்பது மீட்டர் உயரத்தில் பகலெல்லாம்
நான் முடுக்கிவிட்டு வருவது இந்தக் காற்றுக்குத்தான்.
சம்பளம் தருவதும் இது,
சம்பளச் சீட்டைப் பறக்கடிப்பதும் இது.

ஜன்னலைச் சாத்தினால் வேர்த்துக் கொட்டுகிறது.
திறந்தேன்.
படிவம் பதினாறு கட்டிலுக்கடியில் போய்க் கிடந்தது.
டவரில் கழற்றிய பழைய நட்டுகள் நாலு,
ஒவ்வொன்றும் அரைக்கிலோ தேறும்.
எல்.ஐ.சி. ரசீதின் தலையில் ஒன்று,
பேங்க் ஸ்டேட்மென்டின் மேல் ஒன்று.

வள்ளியூர் ஆடிட்டர் ஆபீஸ் கொம்பையா
போன வாரமே சொன்னான்:
"சீசன் முடியட்டும்னு இருந்திராதியும்.
முப்பத்தொண்ணு தாண்டினா அபராதம்வே.
அரைகுறையாவும் தூக்கிட்டு வராதியும்."
காற்று சீசனையும் கணக்கு சீசனையும்
ஒரே மாசத்தில் வைத்தவன் எவனோ,
அவன் ஒரு மரையும் முறுக்கியதில்லை.

மருத்துவக் காப்பீட்டில் இன்னும் ரெண்டு பேர்.
ஒரு பெயரை எடுக்க விண்ணப்பம் வாங்கியிருந்தேன்.
'காரணம்' என்று போட்டிருந்த கட்டம்
விரல் நகத்தளவு.
அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.
அதற்கு நட்டு வைக்கவில்லை.
பறந்தால் பறக்கட்டும் சவம்.

கடைசியாக வீட்டுக்கடன் வட்டிச் சான்று.
மத்தியானம் அரைநாள் லீவு போட்டு வாங்கினேன்.
பேங்கில் அந்தப் பொண்ணு
தாளை எடுத்து நீட்டிக் கேட்டாள்,
"மேடம் வரலையா சார்?"
கடன்தாரர் என்று என் பெயர்.
இணைக் கடன்தாரர்: ம. ஜெனிட்டா.
பாளையங்கோட்டைக் கோர்ட்டுக் கட்டில்
எதிர்மனுதாரர் என்று இருக்கிற
அதே இனிஷியல், அதே எழுத்து.

ஒற்றைப்படை மாதம் என் தவணை,
இரட்டைப்படை அவளுக்கு.
சண்டை முற்றிய நாளில் போட்ட ஒப்பந்தம்.
இதுவரை ஒரு மாதமும் பிசகவில்லை,
இரண்டு பக்கமும்.

எட்டு மாசத்தில் முதல் மெசேஜ்.
எழுதி எழுதி அழித்தேன்.
'எப்படி இருக்கே' என்று ஒரு தடவை.
கடைசியில் அனுப்பியது:
"வட்டி 1,37,486. பாதிப் பாதிதானே?"

காற்றாடிகள் இருட்டில் சிவப்பாய்க் கண் சிமிட்டின.
தெருவில் எவர் வீட்டுத் தகரமோ அடித்துக்கொண்டது.

"68,743. நீங்களும் அதையே போடுங்க."
பிறகு,
"பழைய ஜாயிண்ட் கணக்குல வட்டி ஏறியிருக்கும்.
ஒங்க பான்லதான் காட்டும். பாத்தியளா?
விட்டுராதீங்க, நோட்டீஸ் வந்துரும்."
பிறகு ஒன்று எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது.
வெகுநேரம் காட்டியது.
வரவில்லை.

சரி, பார்த்துவிடுவோம் என்று
வருமான வரிக்காரர்கள் என்னைப் பற்றி வைத்திருக்கும் அறிக்கையை
இறக்கித் திறந்தேன்.
கடவுச்சொல்: பான் எண், சின்ன எழுத்தில்,
ஒட்டினாற்போலப் பிறந்த தேதி.
தப்பு என்றது.
மறுபடி அடித்தேன். தப்பு.
மூன்றாம் முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
ஒவ்வொரு எழுத்தாய்ப் பார்த்தேன்.
அடித்திருந்தது அவளுடைய பான்,
அவள் பிறந்த நாள்.

ஆறு வருஷம் அவளுக்கும் நான்தான் தாக்கல் செய்தேன்.
தரையில் தாள்களைப் பரப்பி அவள் வாசிப்பாள்,
நான் தட்டுவேன்.
பைசாவை விட்டு வாசித்தால் எனக்குக் கோபம் வரும்.
என் எண்ணைத் தெரிந்துகொள்ள
அலமாரியில் கார்டைத் தேடி எடுக்கவேண்டியிருந்தது.

இருந்தது. வட்டி, ரூபாய் முந்நூற்றுப் பன்னிரண்டு.
இதில் பாதியா, முழுசா?
கொம்பையாவைத்தான் கேட்கவேண்டும்.
அவளிடமும் கேட்கலாம்.

மணி ஒன்றரை.
அஞ்சு மணிக்குக் கம்பெனி வேன்.
மிச்சமிருந்த நட்டுகள் இரண்டையும்
சான்றின் மேலேயே வைத்தேன்,
ஒன்று என் பெயர்ப் பக்கம்,
ஒன்று அந்தப் பக்கம்.
நடுவில் தாள் உப்பிக்கொண்டு
விடிய விடியப் படபடத்தது.