இறங்கேக்கை சொல்ல வேண்டியது

முன் பிரேக்கை நம்பாதேங்கோ தங்கச்சி,
பின் பிரேக் காணும். இந்த ஊரிலை இறக்கம் இல்லை.
பெல் அடிச்சால் ஆக்கள் விலகுவினம்,
மாட்டுக்கு நீங்கள்தான் விலகோணும்.

பதினொண்டுக்குப் பிறகு வெய்யில் பொல்லாதது,
அதுக்குள்ளை பண்ணைப் பாலம் தாண்டிவிடுங்கோ.
இது சோளகக் காலம்.
தீவுப்பக்கம் போகேக்கை காற்று
நெஞ்சிலை கை வைச்சு மறிக்கும்;
திரும்பேக்கை அதே கை முதுகிலை.
களைப்பெண்டு பாதியிலை திரும்பாதேங்கோ,
வாங்கின கடனைச் சல்லிக்காசு விடாமல் தரும் காற்று இது.

பாதை கேட்டால் "உதிலைதான்" எண்டுவினம்.
உதிலை எண்டால் இரண்டு மைல்.
"கொஞ்சம் போகோணும்" எண்டால் ஓட்டோ பிடியுங்கோ.
போனிலை தெரியிற ஒழுங்கை எல்லாம் ஒழுங்கை இல்லை,
சிலது ஆற்றையோ கிணத்தடியிலை போய் முடியும்.
சவர்க்காரம் போட்ட முகத்தோடை நிக்கிறவர்
உங்களுக்குச் சரியான பாதை சொல்லுவார்.

தேத்தண்ணியிலை ஒரு சவர் தட்டும்,
பிழை கிணத்திலை, கடைக்காரனிலை இல்லை.
வெள்ளிக்கிழமை நண்டு கேட்டுக் கடை கடையாய் ஏறாதேங்கோ,
குருநகருக்கு வாங்கோ, யூட் எண்டு கேளுங்கோ.
வலை பொத்துறவையைப் படம் எடுக்கலாம்,
முதல் கேக்கோணும், பிறகு
படத்தைக் காட்டோணும், வயிறு தெரிஞ்சால் அழிக்கோணும்.
முள்ளுக்கம்பியும் பச்சைச் சட்டையும் கண்டால்
போன் பைக்குள்ளை.

எந்த ஊர், ஆற்றை பிள்ளை, கலியாணம் முடிஞ்சுதோ?
கோவிக்காதேங்கோ, எங்கடை குட்மோர்னிங் அதுதான்.
பதில் வருமட்டும் ஹாண்டிலை விடமாட்டினம்.

ஐநூறு ரூபாய் பிணைக் காசு. பேர் சொல்லுங்கோ.
ஷர்மிதா. எந்த இடத்திலை இருந்து?

வன்கூவரோ.

நில்லுங்கோ, இருக்கையைக் கொஞ்சம் பதிச்சுவிடுறன்.
(பதிஞ்சுதான் இருந்தது. ஒரு சாவி எடுத்துக்
கழட்டினன், பிறகு அதையே பூட்டினன்.)
ஒண்டு கேக்கலாமோ, அங்கை குளிரோ?

குளிரை விட மழைதான் அண்ணை, எண்டா.
சத்தமே போடாத மழை. மாதக்கணக்காய்.
குடை பிடிச்சால் புது ஆள் எண்டு கண்டுபிடிச்சிடுவினம்,
தொப்பி வைச்ச ஜக்கெற் வாங்குங்கோ, பழசு விக்கிற கடையிலை.
கடல் வடிவு, கால் வைச்சால் எலும்பு கேக்கும்.
பாதை மாறினால் பயப்பிடாதேங்கோ,
மலை எந்தப் பக்கமோ அதுதான் வடக்கு.

நான் சிரிச்சன். எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லைப் பிள்ளை,
நாங்களே வடக்கு.

பற்றுச்சீட்டின்ரை பின்பக்கத்திலை எழுதினன்:
ஜக்கெற். மலை.
வேறை?

யோசிச்சா. சில்லை ஒருக்கால் சுத்திவிட்டா.
பஸ்ஸாலை இறங்கேக்கை, பின்கதவு எண்டாலும்,
டிரைவருக்குக் கேக்கிற மாதிரி நன்றி சொல்லோணும்.
எல்லாரும் சொல்லுவினம். பள்ளிக்கூடப் பிள்ளையளும்.

ஆர் அண்ணை போகினம்?

மனிசி. புரட்டாதியிலை.
வயது போனவையைப் பாக்கிற வேலை.
முதல் அவ, பிறகு எங்களை எடுக்கிறதெண்டு கதை.
இரண்டு வருசம் எண்டுகினம்.
உதிலைதான்.

பின்னேரம் ஆறரைக்குச் சைக்கிள் வந்தது,
முன் சில்லிலை முள்ளு, ஆளிலை உப்பு.
பிணைக் காசிலை ஒண்டும் கழிக்கேல்லை.
காற்று? எண்டு கேட்டன்.
திருப்பித் தந்தது, எண்டா.

கடை பூட்டி பஸ் ஏறினன். நெரிசல்.
மாதா கோயிலடியிலை பின்கதவாலை குதிச்சு
தெரு முழுக்கக் கேக்க
நன்றி எண்டன்.

டிரைவர் பஸ்ஸை நிப்பாட்டித்
தலையை வெளியிலை விட்டான்.

என்னண்ணை, மிச்சக் காசு தரேல்லையோ?