ஒன்பதாவது வரி

மோயாற்றுப் பள்ளத்தில் பங்குனி.
பத்து மணிக்கே பாறை கை வைக்க விடவில்லை.
நோட்டில் எட்டுப் பூ ஏறிவிட்டது.
கடைசியாக வெடத்தலா:
மேலே ஊதா, தொங்கும் நுனியில் மஞ்சள்,
இரண்டு பேர் சண்டையோடு தைத்த குஞ்சம்.

"அதா பாருங், கோங்கு!" என்றாள் பூங்கோதை.
எதிர்ச்சரிவில் இலையில்லாக் கிளையில்
ஒரே ஒரு மஞ்சள்.

சரளையில் சறுக்கி,
இண்டமுள்ளுக்குச் சட்டைக்கையைக் கொடுத்து
ஏறிப் போனால்
மஞ்சப்பை.
கோபி ஜவுளிக்கடைப் பேரோடு
காற்றில் உப்பிக்கொண்டு.

சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்தபோதுதான்
அவள் செருப்போரம் அது:
சட்டைப் பொத்தான் அகலம், நீலம்,
தரையைவிட்டு ஒரு விரல்கூட எழாதது.
இருவருக்கும் பேர் தெரியவில்லை.

ஒன்பது என்று போட்டு
எதிரே காலியாக விட்டேன்.
"மஞ்சப்பைக்குக் கீழேன்னு எழுதுங்" என்றாள்.
எழுதினேன்.