உள்ளிழுத்த ஆமாம்

கோப்பு எண் நாலாயிரத்துப் பதினேழு.
எனக்கு முன்னால் கேட்டவர்
"பதில் இல்லை" என்று குறித்துவிட்டுப் போயிருந்தார்.

லிக்செலேயிலிருந்து வந்த அழைப்பு.
மருத்துவமனையின் இயந்திரக் குரல் கேட்கிறது:
இங்கெகெர்ட் ஸ்டென்வால் நீங்கள்தானா?
ஒரு நொடி. பின்னால் குளிர்பெட்டியின் முனகல்.
மன்னிக்கவும், கேட்கவில்லை.
மூச்சுவிடச் சிரமமா?
ஒரு நொடி.
மன்னிக்கவும்.

ஸ்டாக்ஹோமில், நாலாவது மாடியில்,
ஆறிய காப்பியோடு ஒலியைக் கூட்டினேன்.

பேச்சென்றால் வெளியே போகும் காற்று.
நுரையீரல் தள்ள, குரல்நாண் அதிர,
நாக்கும் பல்லும் உதடும் மறித்துச் செதுக்க.
பரீட்சையில் அப்படித்தான் எழுதினேன்.
இயந்திரத்துக்கும் அதையே சொல்லிக்கொடுத்தோம்.

வடக்கே சிலருக்கு ஆமாம் உள்ளே போகும்.
உதட்டைக் குவித்து, கொதிக்கும் சூப்பை உறிஞ்சுவதுபோல்
ஒரு "ஷ்ஷுப்".
குரல்நாண் சும்மா கிடக்கும்.
திரையில் அது சாம்பல் தீற்றல்,
தூசியென்று விரலால் துடைத்தேன்.

மூன்று வருடம் யோரானோடு இருந்தேன்.
அவன் ஊர் லிக்செலேக்கும் வடக்கே.
குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்ட இரவில்
மூச்சை இழுத்தான்.
திடுக்கிட்டுவிட்டான் என்று
பேச்சை மாற்றினேன்.

இங்கெகெர்டிடம் ஒன்பது கேள்விகள்.
ஒன்பதுக்கும் பதில் சொல்லியிருக்கிறார்,
ஐந்தாவதில் பொறுமையிழந்து
இன்னும் ஆழமாக இழுத்து.
ஒவ்வொன்றாகத் திருத்தினேன்: ஆமாம். ஆமாம்.
பிறகுதான் தேதியைப் பார்த்தேன்.
போன வருடத்துப் பிப்ரவரி.

எல்லோரும் கிளம்பிய பிறகு
உதட்டைக் குவித்து
நானும் இழுத்துப் பார்த்தேன்.
இருமல்தான் வந்தது.