லாட் நம்பர் இல்லாத ரிப்போர்ட்

இரவு ஷிப்ட். நூல் சாயப்பட்டறையின் லேப்.
கண்ணாடிக்கு அப்பால்
முன்னூறு கோன்கள் கறுப்பில் வெந்துகொண்டிருக்க
வலு பார்க்கும் எந்திரத்தில் நான் மாட்டியிருப்பது
நூல் இல்லை.

இரண்டு தாடைக்கும் நடுவே அரை மீட்டர் வேண்டும்.
சீப்பில் வந்ததில் ஏழுதான் தேறியது.
மிச்சமெல்லாம் பாதியில் நின்றவை,
அவிநாசி பஸ்ஸில் ஏறி
அனுப்பர்பாளையத்திலேயே இறங்குகிறவர்கள் மாதிரி.

முப்பத்துநாலு கிராம். அறுந்தது.
இருபத்தெட்டு. அறுந்தது.
ஒன்று மட்டும் அறுபத்தொன்று வரை தாங்கியது.
காதுக்குப் பின்னால் முளைத்திருக்கும் அது,
ரெஜினாக்காவின் பிரஷ் எட்டாத இடத்தில்.

காங்கேயத்தில் நாத்தனார் நிச்சயம்.
வெளுத்தார்கள், தாமிர நிறம் ஏற்றினார்கள்,
அதே வாரத்தில் சூடு வைத்து நேராக்கினார்கள்.
பெராக்சைடு அஞ்சு மில்லி கூடினால்
மாஸ்டரிடம் சண்டைக்குப் போகிறவள் நான்.
அன்றைக்குக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு
'நல்லாருக்குதுங்களா' என்று கேட்டேன்.

பிறகு விளக்கெண்ணெய் வைத்தேன், யாரோ சொன்னார்கள் என்று.
மண்டையோடு ஒட்டிக்கொண்டு
நனைந்த சோளத்தட்டாய்க் கிடந்தது.
அதைப் போக்க மூன்று அலசல்,
மூன்றும் போர்த் தண்ணி,
பக்கெட் ஓரம் வெள்ளை பூக்கிற உப்பு.

பி.என். ரோட்டு ஃபேன்சி கடைக்காரப் பையன்
டப்பாவைத் தலைகீழாய்க் கவிழ்த்துக் காட்டினான்.
விழவில்லை.
'பாத்தீங்களாக்கா, என்ன கெட்டி!'
ராகிக் களி என்றால் வாங்கியிருப்பேன்.
பவானி ஜமக்காளத்துக்கும் கைக்குட்டைக்கும்
ஒரே கஞ்சியா தம்பி?

பின்பக்க எழுத்தைப் படித்தேன்
சாய ரெசிபி படிப்பதுபோல, விரல் வைத்து.
சிலிக்கான் எனக்குப் பழக்கம்.
கடைசிக் குளியலில் நாங்களும் போடுகிறோம்;
பையர் தடவிப் பார்த்துத் தலையாட்டுவார்,
நாலு துவைப்பில் நூல் தன் குணத்தைச் சொல்லும்.
கொஞ்சம் இருக்கட்டும், சிக்கு விழாது.
முதல் பேர் தண்ணீராக இருக்கவேண்டும்,
எண்ணெயும் வெண்ணெயும் கடைசி பெஞ்சில்.
நடுவில் எங்காவது
பொடிப்பொடியாக உடைத்த கோதுமைப் புரதம்.
கிடைத்தது. மோர்த்தண்ணி மாதிரி ஒரு ஸ்ப்ரே,
பையன் மதிக்காமல் கீழ்த்தட்டில் வைத்திருந்தான்.

ஆசைக்குக் கணக்கு ஏது,
மூன்று நாள் விடாமல் அடித்தேன்.
துளசிமணி தொட்டுப் பார்த்து
'என்றி இது, தேங்கா நாரு லோடு எறக்கிட்டியா?' என்றாள்.
அதற்கப்புறம்தான் வாரம் ஒன்று.
ஈரத்தில், காதுக்குக் கீழே, எட்டே அழுத்து.
வேரை விட்டுவிடு, அது தன் வேலையைப் பார்க்கட்டும்.
ஆற்றுத்தண்ணி குழாயில் வருகிற நாளில்
ஒரு குடம் தலைக்கென்று ஒதுக்கினேன்.
மாமியார் குடத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
மூடியை எடுத்து மூடிவைத்தார்.

ஆடி வந்துவிட்டது. காற்று கதவை அறைகிறது.
இன்றைக்கு இன்னொரு ஏழு.
சராசரி முப்பத்தொன்பது.
இழுவை சற்றுக் கூட, அறும்முன் கொஞ்சம் யோசிக்கிறது.
அறுந்ததை ஒட்டவைக்கும் மருந்து எந்தத் தட்டிலும் இல்லை,
தெரிந்துதான் வாங்கினேன்.

காலையில் பிரிண்டரில் கிடந்த தாளை
இன்சார்ஜ் பாலதண்டபாணி சார் தூக்கிப் பிடித்தார்.
'லாட் நம்பர் காணோம். எந்தப் பார்ட்டிம்மா இது?
நாப்பது கிராம்கூட வரல. திருப்பி அனுப்பு.'

கொண்டையை இறுக்காமல் கிளிப் போட்டபடி
சொன்னேன்:
'திருப்ப முடியாதுங் சார்.
ஸ்பீடு கொறைச்சு ஓட்டிக்கலாமுங்.'