பெல்லடிக்கிறவங்க

கருங்கல் அண்டியாபீசில் தொலியுரிக்கும் மேசையில்
எனக்கு ஏழாவது இடம்.
பங்குனியில் விரல் ஆடத் தொடங்கிற்று.
முழுப்பருப்பு பிளந்து பிளந்து விழுந்தது.
துண்டுக்குத் துண்டின் கூலிதான்.
சூப்பர்வைசர் ஜெயசீலி தராசைப் பார்த்துவிட்டு
என் கழுத்தைப் பார்த்தாள்.

இரணியலில் ரயிலேறித் திருவனந்தபுரம் போனோம்.
டாக்டர் மலையாளத்தில் சொன்னார்,
நான் எனக்கு விளங்கியபடி வைத்துக்கொண்டேன்:
கழுத்துக்குள் ஒரு வீடு.
தலையிலிருந்து ஒருவன் வந்து பெல் அழுத்துவான்,
வேலை நடக்கும், போய்விடுவான்.
என் ரத்தத்தில் பிறந்த சிலரோ
அதே பெல்லில் வைத்த விரலை
எடுக்கவே இல்லை.
கிருமியில்லை, அசலூர்க்காரர்களில்லை.
என்னைக் காக்கவென்று
நான் சோறு போட்டு வளர்த்தவர்கள்.

பெல்லடிக்கிறவனை ஒன்றும் செய்ய முடியாது,
வீட்டை இடிச்சிரலாம் என்றார்.

கடல் முற்றம்வரை வந்து கிடக்க
இரண்டு வாரம் மீனில்லை, பாக்கெட் உப்பில்லை.
சாளை விற்கும் வண்டி
என் வாசலில் மட்டும் ஹார்ன் அடிக்காமல் போனது.
அயோடினுக்கு அப்படி ஏங்கவிட்டு
ஈயக் குடுவையிலிருந்து ஒற்றை கேப்சூல்.
ருசியில்லை. மணமில்லை.
ஒரு மடக்குத் தண்ணீர்.

வில்பிரட்டுக்கு மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை.
சட்டையில் குத்திய பேட்ஜ்
அவன்மேல் படும் கதிரை எண்ணிக்கொண்டே இருக்கும்.
"உனக்கப் பக்கம் வந்தா
எனக்க பேட்ஜ் கள்ளம் சொல்லும் பிள்ளே"
வாசல்படியில் நின்றே சிரித்தான்.
கறுப்பு மணலில் தவழ்ந்து வளர்ந்தவளை
ஊர் அன்றுதான் தள்ளி நின்று பார்த்தது.
அபின் கொட்டில்பாட்டில், நாத்தனார் வீட்டில்.
எனக்குத் தனித் தட்டு, தனித் துவைப்பு,
கக்கூசுக்கு இரண்டு தடவை தண்ணீர்.

வீடு இடிந்தது, சத்தமில்லாமல்.
ஆவணியில் விரல் நின்றது.
பருப்பு முழுதாகத் தட்டில் விழுந்தது.
ஜெயசீலி ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிசு.

ஆனால் அவர்களிடம் யார் சொல்வது?
இடிந்த செங்கல் ரத்தத்தில் மிதந்து வர வர
அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர் பிறந்தார்கள்.
குழுக்கடன் பிரிக்கிறவர்களும் இப்படித்தான்,
ஆள் ஊரைவிட்டுப் போனபிறகுதான்
வாசலில் கூட்டம் கூடும்.
நாலாம் மாத ரிப்போர்ட்டில் எண் இரட்டித்திருந்தது.
"இது உள்ளதுதான். தணியும்.
வருஷமாகும், சிலருக்குக் கூடுதலுமாகும்."
டாக்டர் பேனாவை மூடினார்.

தணிவதற்குள்
கண்ணுக்குப் பின்னால் அதே மாதிரி ஒரு பெல்லை
அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இப்போது தூங்கினாலும் இமை சேர்வதில்லை.
ராத்திரி மூன்று மணிக்கு அபின்
விரலால் என் இமையைக் கீழே இழுத்துப் பார்க்கிறான்.
"அம்மா, முழிச்சா கெடக்க?"
இல்லை மக்கா, உறங்கத்தான் செய்தேன்.

விடிந்தால் வெறும்வயிற்றில் வெள்ளை மாத்திரை.
அதுவரை இமையை ஒட்டிவைக்க டேப்.
அதன் நுனியைத் தேடுகிறேன்.
இருட்டில் சுற்றிச் சுற்றி வருகிறது விரல்,
ஆடாமல்.