நாலரை மெகாபிட்

ஃபோஸ்னவோக் துறைமுகத்தில்
மீன்பெட்டிக் கிடங்குக்கு மேலே என் அறை.
ஜூன் இரவு பதினொன்று, வெளியே இன்னும் வெளிச்சம்.
திரையில் நிறம் பார்க்க வேண்டி
ஜன்னலில் ஒரு போர்வையை ஆணியடித்திருக்கிறேன்.

படம் நூற்று இருபத்தெட்டு நிமிடம்.
வட்டில் இடம் நாலே முக்கால் கிகாவுக்கும் குறைவு.
பெருக்கி, வகுத்து, ஒலிக்கு ஒரு கை ஒதுக்கினால்
நொடிக்கு நாலரை மெகாபிட்.
அதுதான் படி. அதில்தான் அளக்க வேண்டும்.

ஹாவ்ஸ்தைன் கப்பலின் சாப்பாட்டு அறையில்
ஒரு கிழட்டு பிளேயர்.
எட்டைத் தாண்டினால் அதற்கு விக்கல்.
போன வருஷம் கோடைத் திருநாளின் சொக்கப்பனை
பற்றியதும் நின்றுவிட்டதாம்.
பதினான்கு ஆண்கள், கையில் முட்கரண்டியோடு
அசையாத ஒரு சுவாலையைப் பார்த்தபடி.

அசையாததற்குச் செலவில்லை.
மேயர் பதினோரு நிமிடம் பேசினார்,
உதடு தவிர எதுவும் நகரவில்லை.
மலிவு.
பிர்ச் மரத்தில் காற்று புகுந்தால்
ஒவ்வோர் இலையும் தனித்தனியாகக் கை நீட்டும்.
நெருப்பும் கேட்கும், மழையும் கேட்கும்.
கடலுக்கோ யானைப் பசி,
நாலரை அதற்குச் சோளப்பொரி.

இரண்டு சுற்று ஓட்டுவது வழக்கம்.
முதல் சுற்றில் கணினி வெறுமனே பார்க்கும்.
இரண்டாவதில் பங்கு வைக்கும்.
இடையில் நான் கை வைத்தேன்.
ஆறு வாரமாகக் கடலையே பார்ப்பவர்களுக்கு
இன்னும் கடல் எதற்கு?
தண்ணீர் வருமிடமெல்லாம் இரண்டாகக் குறைத்து
மிச்சத்தை இலைகளுக்குப் போட்டேன்.
கெட்டிக்காரி என்று என்னையே மெச்சி
ஒரு காபியும் குடித்தேன்.

ஆகஸ்டில் ஹம்மர்ஃபெஸ்டிலிருந்து அஞ்சலட்டை.
சமையல்காரர் எய்லிஃப் ஸ்டோர்ஹைம்.
விக்கவில்லை, நன்றி.
பிர்ச் மரத்தைப் பார்த்து மிஸ்தர் ஹோகன் கண்ணைத் துடைத்தார்,
ஜலதோஷம் என்கிறார்.
பிறகு, இடம் போதாமல், ஓரத்தைச் சுற்றிப் பொடி எழுத்தில்:
ஐம்பத்து மூன்றாம் நிமிடம்
படகுத்துறையிலிருந்து குதிப்பது என் வில்டெவா?
நீச்சலுடை சிவப்பு என்று தெரிகிறது.
முகம் முழுக்கச் சதுரம் சதுரமாக இருக்கிறது.

மூலப்படத்தைத் திறந்தேன். அவள்தான்.
மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறாள்.
ஏழு எண்ணும்வரை
தண்ணீர் மட்டும்.
பிறகு மேலே வந்து, முன்பல் இல்லாத வாயால்
கேமராவைப் பார்த்து என்னவோ கத்துகிறாள்.
என்னவோ என்ன, பப்பா என்றுதான்.
அந்த இடத்தில் நான்
அக்கார்டியன் இசை போட்டிருந்தேன்.

மேயரை முழுதாக வெட்டினேன்.
பதினோரு நிமிடம் போனதும் படி ஐந்தைத் தாண்டியது.
அக்கார்டியனை எடுத்தேன்.
ஐம்பத்து மூன்றாம் நிமிடத்துக்கு ஏழரை,
விக்கலுக்கு ஒரு சாண் கீழே.
குதிப்பதற்கு முன்னால் அந்த ஏழு நொடிக்கும் சேர்த்து,
வெறும் தண்ணீர்தான் என்றாலும்.

வட்டு டிரோம்ஸோவுக்குப் போய்ச் சேர்ந்து மூன்று வாரம்.
மேயரைக் காணோம் என்று
இதுவரை யாரும் எழுதவில்லை.